காயலான் கடை இழைப்புளியை மறுபடி சீவ வைப்பது எப்படி?

பழைய தச்சுக் கருவிகளைச் சேர்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் ஒரு இரும்பு இழைப்புளி (மரத்தைச் சீவிச் சமப்படுத்தும் கருவி) வாங்குங்கள், அளவு நாலாம் நம்பர். நீளம் சுமார் 9 அங்குலம், அலகின் அகலம் 2 அங்குலம். அமெரிக்க ஸ்டான்லி, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த ரெக்கார்டு இரண்டும் பெய்லி என்ற ஒரே வகை அமைப்புதான். ஒன்றைச் சரிசெய்யக் கற்றால் மற்றதும் கைவரும்.

வாங்கும்போது

துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், விரிசலைப் பார்த்துப் பயப்படுங்கள். அலகு வெளியே எட்டிப் பார்க்கும் வாயின் நான்கு மூலைகளிலும், இரு பக்கச் சுவர்களிலும் மண்ணெண்ணெய் தடவித் துடையுங்கள். விரிசல் இருந்தால் சற்று நேரத்தில் அந்தக் கோட்டில் எண்ணெய் கசியும். வார்ப்பிரும்பு என்பதால் பற்றவைத்தால் கோணிப்போகும். அப்படியே கடையில் வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்து அலகு. நடுவில் உள்ள நீளத் துவாரத்துக்கும் கூர்முனைக்கும் இடையே ஒரு அங்குலமாவது எஃகு மிச்சம் இருக்க வேண்டும். திருகுகளையும் எண்ணிப் பாருங்கள். ஸ்டான்லி மரை ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற மரை அல்ல. ஒன்று தொலைந்தாலும் அலைச்சல்தான். உடைந்த கைப்பிடி பெரிய விஷயமில்லை, எபாக்சி போட்டு ஒட்டலாம்.

ஸ்டான்லியின் வயதை அறிய, அலகு சாய்ந்திருக்கும் இரும்புக் கட்டைக்கு (சாய்வுக் கட்டை) பின்னால் வார்ப்பில் உள்ள காப்புரிமைத் தேதிகளைப் பாருங்கள். 1902-இன் இரண்டு தேதிகளோடு 1910-உம் சேர்ந்து மூன்று இருந்தால், அது பெரும்பாலும் 1910-க்கும் 1918-க்கும் இடைப்பட்டது.

கழற்றுதல், துரு எடுத்தல்

கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திருகின் பிளவை முழுக்க நிரப்பும் ஸ்க்ரூ டிரைவர்தான் வேண்டும். மெல்லியதைப் போட்டால் பிளவு கிழியும். இறுகிப்போன திருகுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். சுத்தியலால் அடிக்காதீர்கள்.

மரம், பித்தளை இரண்டையும் தனியே எடுத்துவிட்டு, இரும்புப் பாகங்களை 1 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊறவையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எடுத்து பிரஷ் போடுங்கள். இரண்டு, மூன்று மணி நேரம் போதும். இரவு முழுக்க விட்டால் துருவோடு இரும்பையும் அரித்து, மேற்பரப்பு கரும் சாம்பலாகிவிடும். எடுத்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, ஹேர் டிரையரால் சூடாக்கி, தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். ஈரத்தோடு பத்து நிமிடம் விட்டாலே மஞ்சள் துரு பூத்துவிடும். சமையலறை எண்ணெய் வேண்டாம். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும்.

அலகை ஏற்றி இறக்கும் பித்தளைச் சக்கரத்துக்குக் குத்துவிளக்கு தேய்க்கிற புளியே போதும். உள்ளே இருக்கும் கருப்புப் பூச்சு முக்கால்வாசி நன்றாக இருந்தால் சுரண்ட வேண்டாம். புது பெயின்ட் அடித்த பழைய கருவி சேகரிப்பாளரிடம் மதிப்பிழக்கும்.

அடிப்பாகத்தைச் சமப்படுத்துதல்

பலர் சறுக்குவது இங்கேதான். குறைந்தது 8 மி.மீ. கனமுள்ள கண்ணாடியில் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டுங்கள். அலகைப் பூட்டி, இறுக்கி, வாய்க்குள்ளே இழுத்து வைத்துக்கொண்டுதான் தேய்க்க வேண்டும்; அலகின் இறுக்கம் அடிப்பாகத்தைத் துளியளவு வளைக்கும். மார்க்கரால் அடியில் குறுக்குக் கோடுகள் போட்டு, பத்து இழுப்புக்கு ஒருமுறை பாருங்கள். முன் முனை, வாய்க்கு முன்னால் உள்ள பட்டை, பின் முனை ஆகிய மூன்று இடங்களிலும் கோடு அழிந்தால் போதும். நடுவே இருக்கும் பள்ளம் சீவலைக் கெடுக்காது. கண்ணாடி போலப் பளபளக்கும் வரை தேய்ப்பது வீண்வேலை. முனையில் அதிகம் அழுத்தினால் அடிப்பாகம் வாழைப்பழமாக வளையவும் கூடும். பிறகு 120, 220 தாள்களில் சில இழுப்பு.

அலகு

பின்பக்கத்தில் கூர்முனையை ஒட்டிய அரை அங்குலம் மட்டும் தட்டையானால் போதும். அங்கே துருக்குழி மிச்சமிருந்தால் எவ்வளவு தீட்டினாலும் முனை பல்பல்லாகத்தான் இருக்கும். சாய்வு 25 டிகிரி. கோணம் மாறாமல் தீட்ட அலகைப் பக்கவாட்டில் பிடிக்கும் மலிவான தீட்டும் வண்டியில் அலகு 50 மி.மீ. நீட்டினால் 25 டிகிரி, 38 மி.மீ. நீட்டினால் 30 டிகிரி. 1000 நம்பர் கல்லில் 25-இல் தீட்டி, பின்பக்கம் கூர்முனை முழுக்கப் பிசிறு விரலில் தட்டுப்படும் வரை நிறுத்தாதீர்கள். பிறகு 6000 கல்லில் 30 டிகிரியில் ஐந்தாறு இழுப்பு. பின்பக்கத்தைப் படுக்கவைத்து ஒருமுறை இழுத்தால் பிசிறு போய்விடும். மோட்டார் சாணையில் பிடித்தால் அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். முனை நீலமாகிவிட்டால் பதம் போய்விட்டது. அந்த நீலம் தீரும் வரை அரைத்துத் தள்ள வேண்டும்.

பூட்டிச் சீவும்போது

அலகோடு சேர்த்துத் திருகும் மேல் தகடு கூர்முனைக்கு 1 மி.மீ. பின்னால் நிற்கட்டும். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இடையில் ஒளி தெரிந்தால் சீவல் அங்கேதான் சிக்கும். மேல் தகட்டின் நுனியைக் கல்லில் தேய்த்து இடைவெளியை மூடுங்கள். இழைப்புளி தடதடவென்று அதிர்ந்தால் சாய்வுக் கட்டையின் திருகு தளர்ந்திருக்கும், அல்லது அதன் அடியில் துருத்தூள் இருக்கும். சீவல் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து வந்தால், மேலே உள்ள பக்கவாட்டு நெம்புகோலை மெல்லத் தள்ளிப் பாருங்கள். பலகையை நார் ஓடும் திசையில்தான் சீவுகிறீர்களா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாதி நேரம் குற்றம் கருவியில் இருக்காது.