மஞ்சள் பொடியைப் பிரித்துப் பார்ப்போம்: முதல் டி.எல்.சி. தட்டிலிருந்து கைபேசிப் படத்தை அளப்பது வரை

ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பைச் சேர்த்ததும் அது சிவந்துவிடும். நம் வீட்டில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் வேதிச் சோதனை அது. மஞ்சளின் நிறமிக்குக் காரத்தில் சிவக்கும் குணம் உண்டு. ஆனால் அந்த நிறமி ஒன்றா, பலவா என்பதைச் சுண்ணாம்பு சொல்லாது. உண்மையில் மூன்று இருக்கின்றன: குர்குமின், டெமெத்தாக்ஸிகுர்குமின், பிஸ்டெமெத்தாக்ஸிகுர்குமின். மூன்றும் மஞ்சள் நிறம்தான், மூன்றும் கிட்டத்தட்ட ஒரே வடிவம்தான். அவற்றைத் தனித்தனியாகக் கண்ணால் பார்க்க ஒரு மதிய நேரம் போதும்.

புதிதாக ஆய்வகத்துக்குள் வரும் மாணவர்களை நான் இந்தச் சோதனையிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். புற்றுநோய், மறதிநோய் என்று மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரைகளில் குர்குமினின் பெயர் ஆயிரக்கணக்கான முறை வருகிறது. அந்தக் கட்டுரைகளில் இருக்கும் அழகான பச்சை நிற உயிரணுப் (செல்) படங்களை நம்புவதற்கு முன்னால், இந்தப் பொருள் தட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

என்னென்ன வேண்டும்

அலுமினியத் தகட்டில் சிலிக்கா ஜெல் பூசிய டி.எல்.சி. தட்டு. பாடநூலில் இதை மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகை என்பார்கள், ஆய்வகத்தில் எல்லாரும் டி.எல்.சி. என்றுதான் சொல்வார்கள். பெட்டியின் மேல் ‘எஃப் 254’ என்று போட்டிருப்பதை வாங்குங்கள். கத்தரிக்கோலால் 5 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். வெட்டும்போதும் எடுக்கும்போதும் ஓரத்தை மட்டும் பிடியுங்கள், விரலின் எண்ணெய்ப் பசை வெள்ளைப் பூச்சில் படக்கூடாது.

அப்புறம் மெல்லிய கண்ணாடிக் குழல்கள் அல்லது மைக்ரோபிப்பெட், மூடியுள்ள கண்ணாடி ஜாடி, வடிதாள், பென்சில், எத்தனால், டைகுளோரோமீத்தேன், மெத்தனால் (இவை இரண்டும் கலந்ததுதான் தட்டில் ஏறும் கரைப்பான்), 254 மற்றும் 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு. மஞ்சளில் இரண்டு வகை எடுங்கள்: நீங்களே இடித்த விரலி மஞ்சள் ஒன்று, கடையில் வாங்கிய பொடி ஒன்று.

பாதுகாப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். டைகுளோரோமீத்தேன் ஆவியைச் சுவாசிக்கக் கூடாது. அதனால் இதை வீட்டில் செய்ய வேண்டாம், கல்லூரி ஆய்வகத்தில் ஃபியூம் ஹூட்டுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி), ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். சாதாரண நைட்ரில் கையுறையை இந்தத் திரவம் சீக்கிரமே ஊடுருவிவிடும், கையில் பட்டால் உடனே கையுறையைக் கழற்றி மாற்றுங்கள். புற ஊதா விளக்கை நேராகப் பார்க்கக்கூடாது, அதற்கான கண்ணாடி கட்டாயம்.

படி 1: சாறு எடுப்பது

100 மில்லிகிராம் பொடியை 2 மில்லிலிட்டர் எத்தனாலில் போட்டு ஐந்து நிமிடம் குலுக்குங்கள். அப்படியே வைத்தால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் திரவம்தான் நமக்கு வேண்டியது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. மஞ்சளில் இந்த நிறமிகள் பொதுவாக 2 முதல் 5 சதவீதம் வரை இருக்கும். 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 100 மில்லிகிராமில் 3 மில்லிகிராம். அது முழுவதும் 2 மில்லிலிட்டரில் கரைந்தால், ஒரு மைக்ரோலிட்டரில் 1.5 மைக்ரோகிராம். வெறும் கண்ணால் பார்க்க இது நன்றாக இருக்கும். படம் எடுத்து அளப்பதற்கு இது அதிகம். அதனால் கொஞ்சம் சாற்றைத் தனியே எடுத்து எத்தனால் சேர்த்துப் பத்து மடங்கு நீர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பொட்டு வைப்பது

தட்டின் அடியிலிருந்து 1 செ.மீ. உயரத்தில் பென்சிலால் மெதுவாக ஒரு கோடு போடுங்கள். பேனா வேண்டாம், மையும் கரைப்பானோடு சேர்ந்து ஏறிப் பல நிறங்களாகப் பிரியும். பென்சிலின் கரி நகராது.

கண்ணாடிக் குழலைச் சாற்றில் தொட்டு, கோட்டின் மேல் ஒற்றி எடுங்கள். பொட்டு 2 மில்லிமீட்டருக்கு மேல் விரியக்கூடாது. அடர்த்தி போதாவிட்டால் காயவிட்டு அதே இடத்தில் இன்னொரு முறை வைக்கலாம். ஒன்றுக்கொன்று 1 செ.மீ. இடைவெளி விடுங்கள். முதல் தட்டில் இரண்டே பொட்டு போதும்: விரலி மஞ்சள், கடைப்பொடி.

படி 3: ஓடவிடுவது

டைகுளோரோமீத்தேன் 97 பங்கு, மெத்தனால் 3 பங்கு. இந்தக் கலவையை ஜாடியில் அரை செ.மீ. உயரத்துக்கு ஊற்றுங்கள். உள்சுவரை ஒட்டி ஒரு வடிதாளை நிறுத்தி, மூடிவிட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். ஜாடிக்குள் ஆவி நிறைந்தால்தான் கரைப்பான் நேர்கோடாக ஏறும்.

கரைப்பானின் மட்டம் பென்சில் கோட்டுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். என் முதல் தட்டில் இதைக் கவனிக்காமல் விட்டேன். மட்டம் கோட்டுக்கு மேலே இருந்தது, பொட்டுகள் கரைந்து ஜாடித் திரவத்தோடு போய்விட்டன, தட்டு வெள்ளையாகவே வந்தது. அன்றிலிருந்து தட்டை ஜாடிக்கு வெளியே பக்கத்தில் நிறுத்தி, மட்டத்தையும் கோட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைக்கிறேன்.

தட்டை இடுக்கியால் இறக்கி, மூடி, அசைக்காமல் விடுங்கள். கரைப்பான் மேல்விளிம்புக்கு ஒரு செ.மீ. கீழே வந்ததும் எடுத்து, அது ஏறி நிற்கும் இடத்தை உடனே பென்சிலால் குறியுங்கள். அரை நிமிடம் தாமதித்தாலும் காய்ந்துபோய் எல்லை தெரியாது.

படி 4: தட்டைப் படிப்பது

ஒரே பொட்டாக வைத்தது மேலும் கீழுமாக மூன்று மஞ்சள் பொட்டுகளாக நிற்கும். மேலே இருப்பது குர்குமின், நடுவே டெமெத்தாக்ஸி, கீழே பிஸ்டெமெத்தாக்ஸி.

ஏன் இந்த வரிசை? குர்குமின் மூலக்கூறின் இரு முனைகளிலும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி உண்டு, அதன் பக்கத்திலேயே ஒரு மெத்தாக்ஸி தொகுதியும் உண்டு. ஹைட்ராக்சில் தன் பக்கத்து மெத்தாக்ஸியோடு கைகோத்துக்கொள்வதால் சிலிக்காவை இறுக்கிப் பிடிப்பதில்லை. அதனால் கரைப்பானோடு வேகமாக மேலே போகிறது. இரண்டாவதில் ஒரு மெத்தாக்ஸி இல்லை, மூன்றாவதில் இரண்டுமே இல்லை. பிடிப்பு கூடக் கூட ஓட்டம் குறைகிறது. பிரிக்கும் கலை எல்லாமே இந்த இழுபறிதான். ரஷ்யத் தாவரவியலாளர் மிகயில் ஸ்வெட் 1900-களின் தொடக்கத்தில் வார்சாவில் இலை நிறமிகளைச் சுண்ணாம்புத் தூள் அடைத்த குழாயில் பிரித்தபோதும், இன்று மருந்து நிறுவனங்களில் லட்சக்கணக்கில் விலையுள்ள கருவிகள் பிரிக்கும்போதும் நடப்பது இதுவே.

ஒவ்வொரு பொட்டும் போன தூரத்தை, கரைப்பான் போன தூரத்தால் வகுங்கள். கரைப்பான் 6 செ.மீ., பொட்டு 4.2 செ.மீ. என்றால் விடை 0.70. இதை ஆர்.எஃப். மதிப்பு என்பார்கள். தட்டு, ஈரப்பதம், கலவை மாறினால் இதுவும் கொஞ்சம் மாறும். எனவே வேறொருவர் எழுதிய எண்ணோடு ஒப்பிடுவதைவிட, அதே தட்டில் பக்கத்தில் ஒரு தெரிந்த மாதிரியை ஓட்டுவதே சரி. ஒன்றைக் கவனியுங்கள்: குர்குமின் என்று விற்கும் புட்டிகள் பலவற்றிலும் மூன்றும் கலந்தே இருக்கும். ஓட்டிப் பாருங்கள், தெரியும்.

இப்போது விளக்கைப் போடலாம். 254 நானோமீட்டரில் தட்டு முழுவதும் பச்சையாக ஒளிரும், ஏனென்றால் பூச்சில் அதற்கான கனிமம் கலந்திருக்கிறது. புற ஊதாவை உறிஞ்சும் பொருள் இருக்கும் இடம் நிழல் போல இருண்டு தெரியும். நிறமில்லாத பொருள்களைப் பிடிக்க இது நல்ல வழி. 365-இல் நிலைமை தலைகீழ். தட்டு இருட்டாக இருக்கும், குர்குமின் பொட்டுகள் தாமாகவே பச்சை கலந்த மஞ்சளில் ஒளிரும். முதல் முறை பார்க்கும் மாணவர் யாரும் அமைதியாக இருந்ததில்லை.

கடைப்பொடியின் வரிசையில், விரலி மஞ்சளில் இல்லாத ஒரு பொட்டு தொடக்கக் கோட்டருகிலேயே மஞ்சளாக நின்று, 365-இல் ஒளிராமலும் இருந்தால் சந்தேகப்படுங்கள். மெட்டானில் மஞ்சள் போன்ற செயற்கைச் சாயங்கள் சிலிக்காவை விட்டு எளிதில் நகராது.

ஆனால் இன்னொரு கலப்படத்தை இந்தத் தட்டு காட்டவே காட்டாது. ஈய குரோமேட் எத்தனாலில் கரையாது, கசடோடு அடியிலேயே கிடக்கும். வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் கூட்ட அதைச் சேர்ப்பது 2019-இல் வெளியான ஆய்வுகளில் தெரியவந்தது. கர்ப்பிணிப் பெண்களின் ரத்தத்தில் இருந்த ஈயத்தின் ஐசோடோப்பு (நிறை மட்டும் வேறுபடும் அணு வகை) விகிதத்தை, மஞ்சளில் இருந்த ஈயத்தோடு ஒப்பிட்டுத்தான் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதற்குத் தேவைப்பட்டது அணு, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறைநிறமாலை மானி. தட்டு சுத்தமாக வந்தது என்பதற்காக யாருக்கும் நற்சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள்.

நிறைநிறமாலையைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. மூன்று பொட்டுகளையும் தனித்தனியே சுரண்டி, கரைத்து அந்தக் கருவிக்குக் கொடுத்தால் மூலக்கூறு நிறை 368, 338, 308 என்று வரும். முப்பது முப்பதாகக் குறைகிறது பாருங்கள். ஒரு மெத்தாக்ஸி போய் அங்கே ஹைட்ரஜன் வந்தால் குறைவது சரியாக அந்த முப்பதுதான்.

படி 5: படம் எடுப்பது

நீர்த்த சாற்றை 1, 2, 3, 4 மைக்ரோலிட்டர் என நான்கு பொட்டாக வைத்துப் புதிய தட்டு ஒன்றை ஓட்டுங்கள். அட்டைப்பெட்டி ஒன்றின் மேல்பக்கத்தில் கைபேசி கேமராவுக்குத் துளை போடுங்கள், உள்ளே தட்டு, பக்கவாட்டில் 365 விளக்கு. ஃபிளாஷை அணைத்து, குவியத்தையும் வெளிச்ச அளவையும் கையால் பூட்டிவிடுங்கள். ஹெச்.டி.ஆர்., அழகூட்டும் வசதிகள் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தே எடுங்கள். படத்தில் ஒரு புள்ளியின் உச்ச மதிப்பு 255. அதைத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு நிறமி இருந்தாலும் படம் அதே 255-ஐத்தான் காட்டும்.

படி 6: அளப்பது

இமேஜ்ஜே என்ற மென்பொருள் இலவசம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் உருவானது, உலகெங்கும் உயிரியல் ஆய்வகங்கள் இன்றும் பயன்படுத்துகின்றன. படத்தைத் திறந்து, நிறங்களைப் பிரிக்கும் கட்டளையால் மூன்றாக்கி, பச்சைப் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீள்வட்டக் கருவியால் பெரிய குர்குமின் பொட்டைச் சுற்றி வளைத்து, எம் விசையை அழுத்தினால் சராசரி வெளிச்சம் வரும். வட்டத்தின் அளவை மாற்றாமல் நகர்த்தி மற்ற மூன்றையும் அளந்து, கடைசியாகப் பொட்டே இல்லாத காலி இடத்தையும் அளங்கள். பொட்டு 142, காலி இடம் 31 என்றால், உங்கள் எண் 111.

நான்கு எண்களையும் அந்தந்தப் பொட்டின் மைக்ரோலிட்டர் அளவுக்கு எதிரே வரைபடத்தில் குறியுங்கள். நேர்கோட்டில் ஏறினால் அந்த எல்லைக்குள் உங்கள் அளவீட்டை நம்பலாம். மேலே வளைந்து படுத்தால் வெளிச்சம் அதிகம் அல்லது சாறு அதிகம். கைபேசி வெளிச்சத்தைத் தன் இஷ்டத்துக்குத் திருத்தும் என்பதால் இந்த வரைபடம் இல்லாமல் எந்த எண்ணையும் எழுதாதீர்கள்.

செல் படங்களுக்கு வருவோம்

365-இல் நீங்கள் பார்த்த அந்த ஒளிர்வுதான் மருத்துவ ஆராய்ச்சியில் சிக்கலாகிறது. குர்குமின் 425 நானோமீட்டர் அருகே ஒளியை அதிகம் உறிஞ்சி, பச்சைப் பகுதியில் உமிழ்கிறது. செல்களில் ஒரு புரதத்தைக் காட்டப் பயன்படும் பச்சைச் சாயங்களும் அதே பகுதியில்தான் ஒளிர்கின்றன. குர்குமின் கொடுத்த செல் பச்சையாக மின்னினால், மின்னுவது புரதமா, குர்குமினா? சாயம் சேர்க்காமல் குர்குமின் மட்டும் கொடுத்த செல்களையும் அதே வெளிச்ச அளவில் படம் எடுத்து, அந்த எண்ணைக் கழிக்காத வரை யாராலும் சொல்ல முடியாது. காலி இடத்தை அளந்து கழித்தீர்களே, அதே வேலைதான்.

இன்னொன்றும் உண்டு. உடலின் வெப்பநிலையில், கிட்டத்தட்ட நடுநிலையான பாஸ்பேட் தாங்கல் கரைசலில் (அமில-கார நிலை மாறாமல் வைத்திருக்கும் உப்புக் கரைசல்) குர்குமின் அரை மணி நேரத்தில் பெரும்பகுதி சிதைந்துவிடும் என்று 1997-லேயே அளந்திருக்கிறார்கள். மூன்று நாள் செல்லை வளர்த்து முடித்தபோது அங்கே இருந்தது குர்குமினா, அதன் துண்டுகளா? குர்குமின் ஆய்வுகளை அலசி 2017-இல் வந்த ஒரு நீண்ட திறனாய்வு இத்தகைய கேள்விகளைத்தான் எழுப்பியது.

இதையும் தட்டிலேயே சோதிக்கலாம். சாற்றைக் கொஞ்சம் அதே தாங்கல் கரைசலில் கலந்து 37 டிகிரியில் வையுங்கள். கலந்த உடனே, பத்து நிமிடத்தில், முப்பது நிமிடத்தில் என்று சிறிது எடுத்து, நீரோடு கலக்காத எத்தில் அசிடேட் என்ற கரைப்பானில் பிரித்தெடுத்து, மூன்றையும் அடுத்தடுத்துப் பொட்டு வைத்து ஓட்டுங்கள். மேல் பொட்டு எவ்வளவு மங்குகிறது என்று இமேஜ்ஜேயில் அளங்கள். காய்ந்த தட்டை அலுமினியத் தாளில் சுற்றி வைத்து அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள், வெளிச்சத்திலும் குர்குமின் மங்கிப்போகும். பின்புறம் தேதியைப் பென்சிலால் எழுத மறக்க வேண்டாம்.