மூளைச் சத்திரசிகிச்சைக்கு முன்: மயக்க மருந்து டொக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்

அம்மாவின் தலைக்குள் மெனிஞ்சியோமா என்ற கட்டி இருப்பது தெரிந்து, அவரை மட்டக்களப்பிலிருந்து கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அந்த நாட்களில் வெட்டப்போகும் சர்ஜனைப் பற்றித்தான் எல்லோரிடமும் விசாரித்தேன். மயக்க மருந்து கொடுப்பவர் ஊசி போட்டுத் தூங்க வைப்பார், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். மண்டையோட்டைத் திறந்திருக்கும் நேரம் முழுக்க மூச்சு, இரத்த அழுத்தம், மூளையின் வீக்கம் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டு நிற்பவர் அவர்தான் என்பது பிறகுதான் விளங்கியது.

சத்திரசிகிச்சைக்கு முன் அவர் நோயாளியைப் பார்க்க வருவார். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஆயத்தமாக இருங்கள். கிளினிக் கொப்பி, பழைய ஸ்கேன், வீட்டில் குடிக்கும் எல்லாக் குளிசைகளும் ஒரே பையில் இருக்கட்டும். ஆயுர்வேதக் கஷாயம், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த லேகியம் உட்பட எல்லாம். அம்மா நெஞ்சு வருத்தத்துக்காக அஸ்பிரின் குடித்துவந்தார். அது இரத்தம் உறைவதைக் குறைக்கும். மூளைக்குள் சின்னக் கசிவுகூட ஆபத்து. அதற்காக நாமாகவே நிறுத்திவிடவும் கூடாது, இதயத்துக்கு அது தேவைப்படலாம். எப்போது நிறுத்துவது என்று இரண்டு பக்க டொக்டர்மாரும் பேசி முடிவெடுப்பார்கள். வலிப்புக் குளிசை அப்படியல்ல. வேறு விதமாகச் சொல்லாவிட்டால் அதைச் சத்திரசிகிச்சை அன்று காலையிலும் ஒரு வாய்த் தண்ணீருடன் கொடுப்பார்கள். எதற்கும் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பு மயக்க மருந்தால் உங்களுக்கோ இரத்த உறவில் யாருக்காவதோ கடும் காய்ச்சல் வந்ததா, எழும்ப அதிக நேரம் எடுத்ததா என்பதையும் சொல்லுங்கள். அது பரம்பரையாக வரக்கூடிய விஷயம்.

அடுத்தது வெற்றிலை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "வெத்திலை போடுவீங்களா?" என்று டொக்டர் கேட்டபோது அம்மா "இல்லை" என்றார். வெட்கம். நானும் பக்கத்தில் பேசாமல் நின்றேன். பிறகு டொக்டர் வாயை முடிந்தவரை திறக்கச் சொல்லி, விரல்களை மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தார். மூன்று விரல் போக வேண்டிய இடத்தில் இரண்டுதான் போனது. வருடக்கணக்கில் பாக்கு மென்றால் கன்னத்தின் உள்தோல் இறுகிவிடும், வாய் சரியாகத் திறக்காது. மயக்கிய பிறகு மூச்சுக் குழாய் போடுவதற்கு வாய் திறந்தாக வேண்டும். குழாய் போடத் தாமதமானால் உடம்பில் காபனீரொட்சைட்டு கூடும், அதனால் மூளையின் இரத்தக் குழாய்கள் விரிந்து, கட்டியால் ஏற்கனவே நெருக்கப்பட்ட மூளை இன்னும் அழுத்தப்படும். இரத்த அழுத்தமும் எகிறும். டொக்டர் திட்டவில்லை. முனையில் கமரா உள்ள வளையும் குழாயைத் தயாராக வைக்கச் சொன்னார். நாங்கள் மறைத்ததை அவர் விரலால் கண்டுபிடித்தார். எல்லாவற்றையும் அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. ஆடும் பல், பல் செட், சிகரட், சாராயம், இரவில் பலத்த குறட்டை, எதுவானாலும் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டு விஷயம் எளிது. பொதுவான கணக்கு, கட்டிச் சாப்பாட்டுக்கு 6 மணித்தியாலம், தண்ணீருக்கு 2 மணித்தியாலம். பால் தேநீர் சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும். எண்ணெய்ச் சாப்பாடென்றால் இன்னும் நேரம் வேண்டும். வார்ட்டில் சொல்லும் நேரமே உங்களுக்குரியது.

இனி கொழும்புக்கு வரும் நம் ஆட்கள் அநேகமாக யோசிக்காத ஒன்று, மொழி. மூளைச் சத்திரசிகிச்சை முடிந்ததும் நோயாளியைப் பெரும்பாலும் சீக்கிரமாகவே எழுப்பப் பார்ப்பார்கள். கண் திறக்கிறாரா, சொன்னபடி கையை இறுக்குகிறாரா, கேட்டதற்குப் பொருத்தமாகப் பேசுகிறாரா என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். 1974 இல் கிளாஸ்கோவில் உருவாக்கிய அளவுகோல் அது. ஆகக் கூடியது 15, ஆகக் குறைந்தது 3. அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. கண்ணைத் திறக்கச் சொல்லி "எஸ் அரின்ன" என்று சிங்களத்தில் எத்தனை தரம் சொன்னாலும் அரை மயக்கத்தில் அவருக்கு என்ன விளங்கும்? மொழி விளங்காததை மூளை வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. அதனால் ஒரு துண்டில் "கண்ணைத் திறங்க", "கையை இறுக்கிப் பிடிங்க", "காலை ஆட்டுங்க", "உங்கட பேர் என்ன?" என்ற நாலையும் தமிழ் ஒலியிலேயே சிங்கள எழுத்தில் எழுதி, அருத்தத்தையும் பக்கத்தில் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தேன். அம்மாவின் காது கொஞ்சம் மந்தம் என்பதையும், வீட்டில் அவரைக் கூப்பிடும் பெயரையும் சேர்த்தேன். டொக்டர் வாங்கிப் படித்துப் பார்த்து, கோப்பின் முன்பக்கத்தில் குத்திவைத்தார். அப்புறம் அம்மாவுக்கும் முதல் நாள் இரவே சொல்லிவைத்தேன்: எழும்பும்போது தொண்டையில் குழாய் இருக்கலாம், குரல் வராது, பயப்படாமல் கையை மட்டும் இறுக்குங்க.

பார்க்க விடும்போது முகம் வீங்கியிருக்கும், நெற்றி ஓரத்தில் சின்னக் காயங்கள் இருக்கலாம். தலை அசையாமல் பிடிக்கும் கிளாம்பின் ஊசி பட்ட இடங்கள் அவை. கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி வைத்திருப்பார்கள், அதைப் பதிக்க வேண்டாம். தண்ணீர் கேட்டாலும் மிஸ்ஸிடம் (தாதியிடம்) கேட்காமல் கொடுக்காதீர்கள். விழுங்கும் சக்தி திரும்பியிருக்காவிட்டால் தண்ணீர் மூச்சுக் குழலுக்குள் போய்விடும்.

அடிக்கடி எழுப்பிக் கண்ணுக்குள் டோர்ச் அடிப்பார்கள். "பாவம், தூங்க விடுங்க" என்று தடுக்காதீர்கள். உள்ளே இரத்தம் கசிகிறதா என்பதை அப்படித்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். சற்று முன் பேசியவர் இப்போது பேச்சைக் குறைத்தாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ, தலையிடி கூடி வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, உடனே போய் மிஸ்ஸைக் கூப்பிடுங்கள்.