வெளிநாட்டில் இருந்து திருகோணமலைக்குப் போகிறவர்களுக்கு: உபயக் கொப்பியில் யார் பெயர் இருக்கிறது?

தங்குமிடம், வாகனம் எல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் சொல்ல வருவது வேறு. விமானச் சீட்டுப் போடுவதற்கு முன் வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேளுங்கள்: ஊரில் எந்த அம்மனுக்கு நம் குடும்பத்தின் பேரில் என்ன இருக்கிறது? நேர்த்தியா, பொங்கலா, திருவிழாவில் ஒருநாள் செலவை ஏற்றுச் செய்யும் உபயமா? இப்போது அதை யார் செய்கிறார்கள்?

அடுத்தது காலம். பிள்ளைகளின் விடுமுறையைப் பார்த்து நாம் ஆடி, ஆவணியில் போய் இறங்குகிறோம். திருகோணமலை அம்மனைக் கொண்டாடுவதைப் பார்க்க வேண்டுமானால் நவராத்திரிக்குப் போங்கள். தெருத்தெருவாகக் கும்பம் வைக்கும் பந்தலான கும்பத்துமால் போட்டு ஒன்பது இரவும் பூசை நடக்கும். முடிவில் வேப்பிலை சொருகிய கும்பத்தைத் தலையில் தாங்கி, பறை முழங்க ஆடிக்கொண்டு பத்திரகாளி அம்மன் கோவிலுக்கு வருவார்கள். கும்பம் வேறெங்கும் வைப்பார்கள், இந்த ஆட்டம் எங்கள் ஊருக்கே உரியது. கண்ணகை அம்மன்தான் குலதெய்வம் என்றால் வைகாசியில் வாருங்கள். ஆண்டில் அந்தச் சடங்குக்கு மட்டும் கதவு திறக்கும் கண்ணகை கோவில்கள் கிழக்கில் உண்டு. மற்ற மாதங்களில் பூட்டிய கதவைக் கும்பிட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

சரி, உபயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அம்மப்பாவுக்கு ஊரில் ஒரு அம்மன் கோவிலில் ஒருநாள் திருவிழா உபயமாக இருந்தது. கோவிலின் பெயர் வேண்டாம். சண்டைக் காலத்தில் எங்கள் வீட்டில் முக்கால்வாசிப் பேர் வெளியேறிவிட்டோம். பெரியம்மா மட்டும் இருந்தார். நான் போய் இறங்கிய அன்றே, தேத்தண்ணி ஆறுவதற்குள், "அப்பாவின்ர திருவிழாவைத் திருப்பி எடு. உங்கட அம்மா கண் மூடும்வரைக்கும் அதைத்தான் கேட்டவ" என்றார். அம்மா கனடாவில், ஸ்காபரோவில் காலமானவர். அந்தப் பேச்சுக்கு நான் எப்படி மறுப்புச் சொல்வது?

கோவில் அலுவலகத்தில் முதல்நாள் செயலாளர் இல்லை. மறுநாள் இருந்தார், ஆனால் உபயகாரரின் பெயர்கள் எழுதிய கொப்பி பொருளாளர் வீட்டில். கொப்பி வந்ததும் அம்மப்பாவின் மரணச் சான்றிதழ் கேட்டார்கள். அதைக் கொடுத்தால், இப்போதைய உபயகாரரின் சம்மதக் கடிதம் கேட்டார்கள். அப்புறம் கோபுரத் திருப்பணிப் பேச்சு வந்தது. கனடாவில் இருந்து வந்தவர் என்றால் எவ்வளவு கொடுக்கலாம் என்று தொகையையும் அவர்களே சொன்னார்கள். பற்றுச்சீட்டுக் கேட்டதும் முகம் மாறியது. உழைத்துச் சேர்த்த காசு, அம்மாவின் பேரில் கொடுக்கிற காசு. அதற்குச் சீட்டுக் கேட்பதில் என்ன குற்றம்? நீங்களும் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

அந்தக் கொப்பியைப் பார்த்தேன். தடித்த மட்டை, ஓரமெல்லாம் கறையான் தின்றிருந்தது. நீல மையில் அம்மப்பாவின் பெயர், அதன்மேல் சிவப்புக் கோடு, பக்கத்தில் வேறொரு பெயர். அந்தப் பெயருக்குரிய அம்மாவின் வீட்டுக்கும் போனேன். ஊரில் சனமே இல்லாத காலத்தில், திருவிழா நின்றுபோகக் கூடாதென்று தன் தோட்டைக் கழற்றி அடைவு வைத்து அந்த நாளைச் செய்தவர் அவர். "தம்பி, கடிதம் தாறன். உங்கட அம்மப்பாவின்ர நாள்தானே" என்றார். என்னால் வாங்க முடியவில்லை. பெரியம்மாவோ, "நீங்கள் எல்லாரும் போயிட்டியள். அம்மாளாச்சி போகேல்லை. அவளுக்கு என்ன பதில்?" என்று அழுதார்.

கடைசியில் அந்த அம்மாவின் பெயரை அடுத்து எங்கள் பெயரையும் எழுதுவதென்று முடிவானது. பூசைத் தொடக்கத்தில் பெயர் சொல்லும் சங்கற்பத்தில் இரண்டு குடும்பமும், கோவில் மரியாதையான காளாஞ்சி முதலில் அவருக்கு. பெரியம்மாவுக்கு இன்னும் மனக்குறைதான். உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் அலுவலகத்துக்குப் போகுமுன் அந்த நாளை இப்போது செய்கிறவரின் வீட்டுக்குப் போங்கள். பேச்சு அங்கேதான் முடியும்.

கோணேசர் கோவிலுக்கு ஏறினால் மாதுமை அம்பாள் சந்நிதியில் நின்று கும்பிடுங்கள். பதினெட்டுச் சக்தி பீடங்களைச் சொல்லும் சுலோகம் இலங்கைச் சாங்கரி தேவியில்தான் தொடங்குகிறது. அந்தப் பீடம் இந்த மலைதான் என்பது எங்கள் ஊரின் நம்பிக்கை. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் இடித்த கோவிலின் கற்கள் கோட்டைக்குப் போயின. 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெண்கலச் சிலைகள் கிடைத்தன, அவற்றில் பார்வதியும் உண்டு. மறைத்து வைத்தவர்களின் பெயர் எந்தக் கொப்பியிலும் இல்லை. இப்போதுள்ள கோவிலுக்கு 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது.

கன்னியாவை மட்டும் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் நீர் கண்ட இடம் என்று சொல்லப்படும் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அங்கே இருக்கின்றன. எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக, இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியை செய்த இடம். இப்போது தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது, நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும். கிரியை செய்ய நினைத்தால் ஊர் ஐயரிடம் முன்கூட்டியே பேசி, எதற்கு அனுமதி உண்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்காக நான் ஒதுக்கி வைத்திருந்த நாளைச் செயலாளரின் கதிரைக்கு முன்னால் காத்திருந்தே தொலைத்தேன். நீங்கள் வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே கன்னியாவுக்குப் போய்விடுங்கள்.