குடும்ப உணவகத்துக்கு மது உரிமம்: மனு போடுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

உணவகங்களுக்கு உரிமம் எடுத்துத் தரும் வேலையில் இருக்கிறேன். புதிதாகக் கடை போடுகிறவர்கள் பலர் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பள்ளிக்கூடமோ வழிபாட்டுத் தலமோ பக்கத்தில் இருந்தால் பல ஊர்களில் மது உரிமம் கிடைப்பது கடினம். சில இடங்களில் கட்டடப் பயன்பாட்டு அனுமதியைத் தனியாக வாங்க வேண்டும். "உரிமம் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து, அட்வான்ஸ் திரும்ப வரும்" என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லி உரிமையாளரிடம் கேளுங்கள். கேட்டால் பலரும் ஒத்துக்கொள்வார்கள்.

அடுத்து, எந்த வகை உரிமம் என்று பாருங்கள். கலிபோர்னியாவில் 41-ஆம் வகை பீரும் ஒயினும் பரிமாறும் உணவகத்துக்கு. 47-ஆம் வகையில் எல்லா மதுவும் உண்டு. 48-ஆம் வகை பாருக்கானது. அதை வாங்கினால் 21 வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளே விட முடியாது, குடும்பத்தோடு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டியதுதான். உங்கள் ஊரில் வகைகளின் பெயர் வேறாக இருக்கலாம், ஆனால் குழந்தைகள் உள்ளே வரலாமா என்பதை முதலில் கேளுங்கள். பீரும் ஒயினும் போதும் என்றால் அதோடு நிறுத்திக்கொள்வதே என் யோசனை. பெரும்பாலும் செலவும் குறைவு, எதிர்ப்பும் குறைவு.

கடையின் வரைபடத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். ஒரு தம்பதி கொண்டுவந்த வரைபடத்தில் பாட்டில் அலமாரி கழிப்பறைக்குப் போகும் நடைவழியில் இருந்தது. குழந்தைகள் தனியாகப் போய்வருகிற வழி அது. அலமாரியைக் கல்லாவுக்குப் பின்னால் நகர்த்தி, பூட்டும் போட்டு, வரைபடத்தைத் திருத்தச் சொன்னேன். எங்கே ஊற்றுவீர்கள், எந்த மேசைகளுக்குப் போகும், கல்லாவில் இருப்பவருக்குக் கூடம் முழுதும் தெரிகிறதா என்பதெல்லாம் காகிதத்திலேயே தெரிய வேண்டும்.

காகிதங்களில் பெரிய சிக்கல் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான். குடும்பக் கடைக்கு அண்ணன் கொஞ்சம், மச்சான் கொஞ்சம் என்று நாலு கையிலிருந்து பணம் வரும். கடனா, பங்கா என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் வங்கிக் கணக்கும் இருக்கட்டும். பங்கென்றால் அவர் பெயரையும் மனுவில் காட்ட வேண்டிவரலாம். இன்னொன்று, நம் பெயர்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், வங்கியில் வெறும் இனிஷியல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அக்கம்பக்கத்தார். இங்கிலாந்தில் உரிமத்துக்கு மனு போட்டிருப்பதைச் சொல்லி வெளிர் நீலத் தாளில் எழுதிய அறிவிப்பு 28 நாள் கடை வாசலில் இருக்க வேண்டும், உள்ளூர்ச் செய்தித்தாளிலும் ஒரு முறை வர வேண்டும். கலிபோர்னியாவில் 30 நாள். அந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் அண்டை வீட்டார் விஷயத்தைத் தெரிந்துகொள்கிறார்கள் என்றால் பாதி ஆட்சேபனை அங்கேயே பிறந்துவிடும். ஒட்டுவதற்கு முன்பே கதவைத் தட்டிப் பேசுங்கள். மேல்மாடியில் இருப்பவர் பெரும்பாலும் குடியைப் பற்றிப் பேசமாட்டார்; ராத்திரி காலி பாட்டில்களைத் தொட்டியில் கொட்டுகிற சத்தம், வாசலில் நிற்கும் வண்டிகள், இவைதான் அவர் கவலை. "பாட்டில்களைக் காலையில்தான் வெளியே எடுப்போம், சாப்பாட்டோடு உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே மது" என்று மனுவிலேயே எழுதிக் கொடுங்கள். நீங்கள் எழுதியது பிறகு உரிமத்தின் நிபந்தனையாகவே வரும், மீறினால் உரிமத்துக்கே ஆபத்து. ஆகவே செய்ய முடிந்ததை மட்டும் எழுதுங்கள்.

வயது பார்ப்பது யார், மது தர மறுத்ததை எந்த நோட்டில் குறிப்பது என்பதையும் சேர்த்துவிடுங்கள். கடையில் உதவும் வீட்டுப் பிள்ளைகள் தட்டு எடுத்துப் போகட்டும். கிளாஸ் மட்டும் பெரியவர் கையால் போகட்டும்.

விசாரணைக்கு அழைத்தால் குடும்பத்தில் கடையை நிஜமாக நடத்தப்போகிறவரே போய்ப் பேச வேண்டும். நான் கூட வருவேன், ஆனால் பதில் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். உரிமம் கைக்கு வரும்வரை சரக்குக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள், மெனுவும் அச்சடிக்காதீர்கள்.