மாரியில் சேனநாயக்க சமுத்திரம்: சேர்ந்து போகிறவர்கள் விடும் பிழைகள்

மார்கழி லீவு வந்தால் மட்டக்களப்புப் பக்கத்தில் கல்லடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் யாராவது ஒருவர் வான் பிடித்து, "இங்கினியாகலைக்குப் போவம், யானை நீந்துறதப் பாப்பம்" என்று ஆள் சேர்க்கத் தொடங்கிவிடுவார். பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. இங்கினியாகலையில் அணை கட்டி உண்டான பெரிய குளம்தான் சேனநாயக்க சமுத்திரம்; கல்லோயா தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் அந்தக் குளத்தில் யானை தீவுக்குத் தீவு நீந்துவது உண்மைதான். ஆனால் அதற்கு ஏற்ற காலம் பங்குனி முதல் ஆடி வரை. தண்ணீர் வற்றி, கரையில் இளம்புல் முளைக்கும்போதுதான் அவை கூட்டமாக இறங்கும். மாரியில் காட்டுக்குள்ளேயே தண்ணீரும் தீனியும் கிடக்கும்போது கரைக்கு ஏன் வரப்போகின்றன? மேகம் படிந்த மலைகளுக்கு நடுவே நிறைந்து கிடக்கும் அந்தத் தண்ணீரைப் பார்க்க மாரியில் போங்கள், நானும் போகிறேன். யானைக்காக என்றால் பொறுத்திருங்கள்.

பாதையையும் விசாரிக்காமல் கிளம்பிவிடுகிறார்கள். நம் வாசலில் வெயில் எறித்தாலும் மேற்கே பெய்த மழை வயல் வழியாக இறங்கி வந்துகொண்டிருக்கும். 2024 நவம்பரில் காரைதீவு–அம்பாறை வீதியில் மாவடிப்பள்ளியில், மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் புரண்டு பிள்ளைகள் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. வெள்ளம் மேலால் பாயும் தாழ்ந்த பாதையான கிட்டங்கித் தாம்போதியும் அப்படித்தான். வீதியின் மேலால் தண்ணீர் ஓடினால், சாரதி "போயிரலாம்" என்றாலும் வானைத் திருப்பச் சொல்லுங்கள். கொடுத்த முற்பணம் போனால் போகட்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது படகைப் பற்றித்தான். ஒருமுறை சொந்தக்காரரும் அயலவருமாக மூன்று படகில் ஏறினோம். சிங்களம் தெரிந்த மூன்று பேரும் ஒன்றாகவே முதல் படகில் ஏறிவிட்டார்கள். எங்கள் படகில் இரண்டு பொடியன்கள் செல்ஃபி எடுக்க எழும்பி நின்றார்கள். பின்னாலிருந்து படகோட்டி "வாடிவென்ன, வாடிவென்ன" என்று கத்துகிறார். சிங்களத்தில் உட்காரச் சொல்கிறார் என்று விளங்காமல், தங்களைத்தான் படம் எடுக்கக் கூப்பிடுகிறார் என நினைத்து இருவரும் ஒரே பக்கமாகத் திரும்பினார்கள். படகு சரிந்து விளிம்பால் தண்ணீர் உள்ளே வந்தது. என் மருமகளின் மடியிலிருந்த சோற்றுப் பார்சல் மிதந்தது. அவள் போட்டிருந்த உயிர்காப்பு அங்கியின் மூன்று வாரில் ஒன்றுகூட மாட்டியிருக்கவில்லை என்பதை அப்போதுதான் கண்டேன்.

அதனால் படகுக்கு ஒருவராவது சிங்களம் தெரிந்தவர் இருக்க வேண்டும். அங்கியைத் தோளில் போட்டால் போதாது. வார் எல்லாவற்றையும் மாட்டி, தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் இறுக்கம் போதாது. பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் அளவு சரிவராது. அவர்களுக்கேற்ற அளவு அங்கே இல்லையென்றால், அவர்களோடு ஒரு பெரியவரும் அணைக்கட்டுப் பக்கமாகவே நிற்கட்டும். அழுதாலும் பரவாயில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு புறப்படுவதும் நல்லதல்ல. அகன்ற தண்ணீரில் காற்று எழும்பினால் அலை சும்மா விடாது. குளம் கட்டியபோது மூழ்கிய மரங்கள் இன்னும் உள்ளே நிற்கின்றன. நீர் உயர்ந்த காலத்தில் சில கட்டைகள் கண்ணுக்கே தெரியாது. படகோட்டிக்குத்தான் வழி தெரியும், குறுக்கே போகச் சொல்லி அவரை நெருக்காதீர்கள். தீவுப் பக்கம் இறக்கிவிடச் சொல்லி வற்புறுத்துவதும் அதே வகைதான். 1954 முதல் கல்லோயா தேசியப் பூங்கா. வனஜீவராசிகள் அதிகாரி காட்டிய இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

ஏறும்போது எண்ணிய தலைகளை இறங்கும்போதும் எண்ணுங்கள். வானுக்குள் ஏறிய பிறகல்ல, துறையிலேயே.