ஹஸ்கியின் குணத்தைத் தப்பாகக் கணிப்பவர்கள் விடும் பிழைகள்

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஏசி அறைக்குள் வளர்கிற சைபீரியன் ஹஸ்கியைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போனால், கழுத்துப்பட்டி இறுக இறுக ஆளையே இழுத்துக்கொண்டு போகும். "சொல்வழி கேளாத நாய்" என்று வீட்டார் அலுத்துக்கொள்வார்கள். தலைமுறை தலைமுறையாக இழுப்பதற்கென்றே தெரிந்தெடுத்த நாயைக் கயிற்றில் கட்டினால் வேறென்ன செய்யும்? அதன் குணம் விளங்க வேண்டுமானால், பனிவண்டிப் பந்தயக்காரர்கள் எந்த நாயை எந்த இடத்தில் பூட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அங்கேயும் புதியவர்கள் சறுக்குவது குணத்தைக் கணிப்பதில்தான்.

நீலக் கண்ணும் பெரிய உடம்பும் ஓட்டத்துக்கு உதவாது. அலாஸ்காவில் ஆங்கரேஜ் பக்கமிருந்து நோம் வரை ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் ஓடும் இடிடரோட் பந்தயத்தில், முன்னணி அணிகள் பெரும்பாலும் பூட்டுவது அலாஸ்கன் ஹஸ்கியை. அது பதிவுபெற்ற இனமே இல்லை. ஓட்டத்துக்காகக் கலந்து கலந்து எடுத்த வகை. எடை பெரும்பாலும் 20 முதல் 25 கிலோதான். உடம்பு பெருத்தால் உள்ளே பிறக்கும் சூடு வெளியேறுவது கடினம். 1925இல் நோம் நகருக்கு டிப்தீரியா மருந்து கொண்டுபோன அஞ்சலோட்டத்தின் மிக நீண்ட கட்டத்தை முன்னின்று ஓடிய டோகோவும் சிறிய நாயே. குட்டியில் நோஞ்சான், சேட்டைக்காரன். வேறொருவருக்குக் கொடுத்தும், ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பழைய வீட்டுக்கே திரும்பிய பேர்வழி. அந்தக் காலத்தில் சிலை என்னவோ கடைசிக் கட்டம் ஓடிய பால்டோவுக்குத்தான் கிடைத்தது.

எல்லாவற்றிலும் அதிகம் கெடுப்பது, முன்னால் ஓடுகிற நாயைக் கூட்டத்தின் முரட்டுத் தலைவன் என்று நம்புவது. அந்த நம்பிக்கையில், மற்றவற்றைப் பார்த்து உறுமும் கடுவனையோ, அணியிலேயே வேகமானதையோ முன்னால் பூட்டிவிடுவார்கள். அந்த இடத்துக்கு வேண்டியது வேறு: கட்டளையைக் காதில் வாங்குவது, கயிற்றை நேராக இழுத்துப் பிடித்தபடி காத்து நிற்பது, பின்னால் பத்துப் பன்னிரண்டு நாய்கள் துரத்துவதுபோல் வரும்போது மிரளாமலிருப்பது. கூச்ச சுபாவமுள்ள பெட்டைகள் பலவும் இதில் கெட்டிக்காரிகள். தகுதியில்லாததை முன்னால் விட்டால் முதலில் திரும்பித் திரும்பிப் பார்க்கும், பிறகு வேகம் குறையும், கடைசியில் வழியிலேயே படுத்துவிடும். அப்படி ஒருமுறை மனம் விட்ட நாயை மறுபடி முன்னுக்குக் கொண்டுவர மாதங்கள் ஆகலாம். ஆகவே இளசைப் பழகிய நாயோடு சோடியாக, குறுகிய தூரத்துக்கு மட்டும் பூட்டுங்கள். களைப்பதற்கு முன்பே பின்னுக்கு மாற்றிவிடுங்கள்.

முன்நாய்க்கு அடுத்த சோடி, ஸ்விங் நாய்கள், அணியை வளைவில் திருப்ப உதவும். வண்டிக்கு நேர் முன்னால் நிற்கும் வீல் சோடிக்கு ஒவ்வொரு குலுக்கலும் நேராக வந்து தாக்கும். வண்டிச் சத்தமும் காதுக்குப் பின்னாலேயே. பயந்த நாயை அங்கே பூட்டினால் ஒதுங்கி ஒதுங்கி ஓடித் தோளைக் கெடுத்துக்கொள்ளும். திடமான, பதற்றமில்லாத நாய்க்கு உரிய இடம் அது. சோடி சேர்க்கும்போது ஒன்றோடொன்று விளையாடுகிறதா என்பதைவிட, எட்டு வைக்கும் நீளம் ஒத்துப்போகிறதா என்பதையே பாருங்கள்.

கண் போக வேண்டியது இழுகயிற்றுக்கு. ஒவ்வொரு நாயின் பின்புறத்திலிருந்தும் நடுக்கயிற்றுக்குப் போகும் அந்தக் கயிறு விறைப்பாக இருந்தால் நாய் வேலை செய்கிறது. தொய்ந்தால் உடனே "கள்ளம் பண்ணுது" என்று சத்தம் போடுவது வழமையான பிழை. நேற்று இழுத்த நாய் இன்று இழுக்காவிட்டால், விரலிடுக்கில் பனிக்கட்டி, நாய்க்கு மாட்டும் சப்பாத்தின் உரசல், மணிக்கட்டு வீக்கம், தோள் பிடிப்பு என்று வரிசையாகத் தடவிப் பாருங்கள். முந்தைய இரவு சாப்பிட்டதா என்றும் கேளுங்கள். நீண்ட பந்தயத்தில் நாளுக்கு 10,000 கிலோகலோரி வரை எரிக்கும் நாய், கிண்ணத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பினால் அது சின்ன விஷயமில்லை.

புறப்படும்போது துள்ளிக் குதிக்கிறதே என்று முழு வேகத்தில் விடுவதும் கூடாது. அந்த உற்சாகம் முதல் சில நிமிடங்களுக்கே. பிரேக்கை மிதித்துச் சீரான ஓட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஓய்வைக் கருமித்தனமாகக் கொடுப்பவர்களின் அணி பாதி வழியில் நின்றுவிடும். இடிடரோட்டில் 24 மணிநேர நிறுத்தம் ஒன்றும், 8 மணிநேர நிறுத்தங்கள் இரண்டும் விதிப்படியே கட்டாயம்.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கொழும்பில் சைக்கிளில் பூட்டி ஓட்டப் பார்ப்பது, நாயைக் கொல்லும் பிழை. குளிர்நாடுகளிலேயே 10 பாகைக்கு மேல் போனால் பலர் கடும் இழுவைப் பயிற்சியைத் தவிர்க்கிறார்கள். இங்கே விடியற்காலையிலும் வெப்பம் 24 பாகைக்கு அண்மையில். நாய் மூச்சு இளைத்துத்தான் சூட்டை ஆற்றும், ஈரப்பதம் மிகுந்த காற்றில் அது சரியாக நடக்காது. ஆறு மணிக்கு முன் இருபது நிமிட நடை போதும். புறங்கையைத் தார் வீதியில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் இறக்க வேண்டாம். வெக்கைக்கென்று முடியை வழிக்கவும் வேண்டாம். வெயில் தோலில் நேராகப் படும், முடியும் பழையபடி வளராமல் போகலாம். தடித்த எச்சில், கடுஞ்சிவப்புப் பல்முரசு, தள்ளாட்டம் தெரிந்தால் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, விசிறியின் கீழ் வைத்து, தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

வீட்டுக்குள் பழக்கக்கூடியது முன்நாயின் பாடம். அகன்ற நெஞ்சுப்பட்டி போட்டு, நடைகூடத்தில் திரும்பும் இடத்துக்கு ஓரடி முன்னால் கட்டளையை ஒரேயொரு தடவை சொல்லுங்கள். சரியாகத் திரும்பினால் உடனே ஒரு துண்டு கோழி. ஒரே சொல்லை மூன்று தடவை சொன்னால், முதல் இரண்டையும் கேட்கத் தேவையில்லை என்றுதான் நாய் படிக்கும். "வலது", "இடது" இரண்டும் ஒரே மாதிரி முடிவதால் நாய் குழம்பும். அலாஸ்காக்காரர் சொல்லும் "ஜீ" வலத்துக்கும் "ஹா" இடத்துக்கும் காதில் தெளிவாகப் பிரியும்.