வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்கு வியட்நாமிய மொழி: வீட்டிலும் வார இறுதிப் பள்ளியிலும் செய்ய வேண்டியவை

1975ஆம் ஆண்டு தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் வீழ்ந்த பிறகு கடல் வழியாகவும் அகதி முகாம்கள் வழியாகவும் வெளியேறிய வியட்நாமியர், கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர், கார்டன் குரோவ், சான் ஹோசே நகரங்களிலும், சிட்னியின் காப்ரமட்டாவிலும், மெல்பர்னின் ஃபுட்ஸ்க்ரே, ஸ்பிரிங்வேல் பகுதிகளிலும் குடியேறி, கடைப் பலகை முதல் கோயில் அறிவிப்பு வரை தம் மொழியில் எழுதி வைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் மட்டும் 2021 கணக்கெடுப்பின்போது 3,20,000 பேருக்கு மேல் வீட்டில் வியட்நாமிய மொழி பேசுவதாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் அந்தத் தெருக்களில் வளரும் பேரப்பிள்ளை, பாட்டி கேட்பதைப் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்தப் பிள்ளையைப் பேச வைக்க விரும்பும் பெற்றோருக்கும், சனிக்கிழமை வகுப்பெடுக்கும் தன்னார்வலருக்கும், வகுப்பில் இத்தகைய மாணவர்களைக் கொண்ட பகல்பள்ளி ஆசிரியருக்கும் உரிய செய்முறைகள் இங்கே தரப்படுகின்றன. சீன, கொரிய, தமிழ்க் குடும்பங்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும். வியட்நாமிய மொழிக்கே உரிய சிக்கல்களை அங்கங்கே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

வகுப்பில் சேர்ப்பதற்கு முன்

வாரத்தில் இரண்டு மூன்று மணி நேர வகுப்பு ஒரு மொழியை உண்டாக்கித் தராது; வீட்டில் இருப்பதை வளர்த்துத்தான் தரும். ஆகவே முதல் முடிவு வீட்டில் எடுக்கப்பட வேண்டியது. பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியில் ஏறத்தாழ 1,900 குடும்பங்களை ஆராய்ந்து அன்னிக் டி ஹவ்வர் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, தாய் தந்தை இருவரும் வீட்டில் தம் மொழியை மட்டுமே பேசிய குடும்பங்களில் ஏறக்குறைய 97 விழுக்காட்டில் அது பிள்ளைகளிடம் சென்று சேர்ந்திருந்தது. தாய்க்கு ஒரு மொழி, தந்தைக்கு ஒரு மொழி என்று பிரித்துக்கொண்ட குடும்பங்களில் அந்த விழுக்காடு ஏறக்குறைய 74ஆக இறங்கியது. கலப்புமணம் செய்துகொண்டவர்கள் இதைக் கண்டு சோர்ந்துவிட வேண்டியதில்லை. வியட்நாமிய மொழி அறியாத துணைவரும் உணவு மேசையில் புழங்கும் ஐம்பது சொற்களைக் கற்றுக்கொண்டால், அது அம்மாவுக்கும் பிள்ளைக்கும் மட்டும் தெரிந்த இரகசிய மொழியாக இல்லாமல் வீட்டு மொழியாக மாறும்.

மொழி நழுவும் காலம் எது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்களைப் பற்றி லில்லி வோங் ஃபில்மோர் 1991இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலம் மட்டுமே புழங்கும் மழலையர் பள்ளிக்குப் பிள்ளை எவ்வளவு சிறு வயதில் போகிறதோ அவ்வளவு எளிதாக வீட்டு மொழியை விட்டுவிடுகிறது என்று காட்டியது. மூன்று, நான்கு வயதில் பிள்ளை முதன்முதலாக ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கும்போது பல பெற்றோர் பெருமைப்படுகிறார்கள். விழித்துக்கொள்ள வேண்டிய நேரம் அதுதான். திட்டுவதாலும் 'புரியவில்லை' என்று நடிப்பதாலும் பயனில்லை. பிள்ளை சொன்னதையே வியட்நாமிய மொழியில் இயல்பாகத் திருப்பிச் சொல்லி, அதைத் தொடர்ந்து ஒரு கேள்வி கேட்டுப் பேச்சை நீட்டிச் செல்வதே நல்லது. நாள் முழுவதும் இயலாதவர்கள் இரவு உணவு வேளையையோ, பள்ளியிலிருந்து வரும் கார்ப் பயணத்தையோ வியட்நாமிய மொழிக்கென ஒதுக்கி, அதை ஒரு நாளும் மீறாமல் காப்பாற்றலாம்.

'நான்' என்று சொல்வதற்கே ஒரு உறவு வேண்டும்

பாட்டியிடம் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளைக்குப் பெரும்பாலும் சொற்கள் தெரியாமல் இல்லை. தன்னை எப்படிக் குறிப்பிட்டுக்கொள்வது என்பதுதான் தெரியவில்லை. வியட்நாமிய மொழியில் எல்லோரிடமும் பயன்படுத்தத்தக்க 'நான்', 'நீ' என்ற சொற்கள் அன்றாடக் குடும்பப் பேச்சில் இல்லை. உறவுப் பெயர்களே அந்த வேலையைச் செய்கின்றன. பெற்றோரிடம் பிள்ளை தன்னைக் 'கொன்' என்று சொல்லிக்கொள்கிறது. தாத்தா பாட்டியிடம் வட வியட்நாமியர் 'சாவ்' என்றும், தென் வியட்நாமியர் பெரும்பாலும் 'கொன்' என்றும் சொல்வார்கள். அக்காவிடம் பேசும்போது அதே பிள்ளை 'எம்' ஆகிறது. தம்பியிடம் பேசும்போது அக்காளுக்குரிய 'சி' ஆகிறது. எதிரே இருப்பவர் யார் என்று தீர்மானிக்காமல் ஒரு வாக்கியத்தைக்கூடத் தொடங்க முடியாது என்பதால், பிழை செய்து மரியாதைக் குறைவாகப் பேசிவிடுவோமோ என்று அஞ்சும் பிள்ளை ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்கிறது. 'நீ'யா 'நீங்க'ளா என்று தடுமாறி ஆங்கிலத்துக்குத் தாவும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே எழுத்துக்கும் நிறங்களின் பெயர்களுக்கும் முன்பாக உறவுப் பெயர்களைக் கற்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குடும்பப் படங்களைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொருவரையும் பிள்ளை எப்படி அழைக்க வேண்டும், அவரிடம் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்ற இரண்டையும் படத்தின் கீழ் எழுதிவையுங்கள். இரண்டாவதை எழுதாமல் விடுவதே வழக்கமான குறை. இந்த உறவு வரைபடம் தமிழருக்கு வியப்பான நெருக்கம் உடையது: அப்பாவின் அண்ணன் 'பாக்', தம்பி 'சூ', அப்பாவின் உடன்பிறந்தாள் 'கோ', அம்மாவின் உடன்பிறந்தாள் 'யீ', தாய்மாமன் 'கௌ'. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, சித்தி, மாமா என்று பிரித்துப் பழகிய நமக்கு இது உடனே விளங்கும். அங்கிள், ஆன்ட்டி என்ற இரண்டே சொற்களில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் சுமை. இன்னொரு சுவையான செய்தி: தெற்கு வழக்கில் வீட்டின் மூத்த பிள்ளைக்கு 'இரண்டு' என்று பொருள்படும் 'ஹாய்' என்பதே அழைப்புப் பெயர், அடுத்தவர் 'மூன்று'. ஒன்று எங்கே போயிற்று என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். கேட்கட்டும், பாட்டியிடம் அனுப்பிவையுங்கள்.

'முதலில் பண்பு, பிறகு எழுத்து' என்ற பொருளுடைய முதுமொழி வியட்நாமில் பள்ளிச் சுவர்களில் எழுதப்படுவது. மரியாதையுடன் ஆமோதிக்கும் 'யா' என்ற சொல்லும், கைகட்டிப் பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லும் முறையும் இலக்கணப் பாடத்தின் பகுதிகளே. ஆனால் இவற்றைத் தண்டனையாக்கினால் பிள்ளை வாயே திறக்காது.

எந்த ஒலிப்பு, எந்தப் புத்தகம்

வட வியட்நாம் வழக்கில் ஆறு தொனிகள், அதாவது பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்கள், உண்டு. தெற்கு வழக்கில் அவற்றுள் இரண்டு பேச்சில் ஒன்றிவிடுவதால் ஐந்தே கேட்கும். 'மா' என்ற ஒரே அசை தொனிக்கு ஏற்பப் பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நெல் நாற்று என்று பொருள் மாறும் எடுத்துக்காட்டை எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள்; அதோடு நின்றுவிடுவதுதான் சிக்கல். தனிச் சொற்களைக் கரும்பலகையில் அடுக்குவதைவிட, பாட்டும் விடுகதையும் வழியாக வாக்கியத்துக்குள் தொனியைப் பழக்குவது பிள்ளைக்கு எளிது. எழுத்துக் கூட்டும் மரபு முறையும் கைகொடுக்கும்: 'பாட்டி' என்று பொருள்படும் 'பா' என்ற வியட்நாமியச் சொல்லைப் படிக்கும் பிள்ளை, மெய்யெழுத்தின் ஒலியையும் உயிரையும் தனித்தனியே சொல்லி, சேர்த்துச் சொல்லி, பின் தொனிக்குறியின் பெயரைச் சொல்லி, கடைசியில் 'பா' என்று முடிக்கும்.

தென் வியட்நாமியக் குடும்பப் பிள்ளை, பேச்சில் ஒன்றிவிடும் அந்த இரண்டு தொனிகளின் குறிகளை எழுத்தில் மாற்றிப் போடுவது அறியாமை அல்ல. ல, ள, ழ மூன்றையும் ஒரே மாதிரி உச்சரிக்கும் தமிழ்ப் பிள்ளை எழுத்தில் தடுமாறுவதைப் போன்றதே. வீட்டில் எந்த ஒலிப்போ அதையே வகுப்பிலும் ஏற்றுக்கொண்டு, எழுத்துமுறையை மட்டும் பொதுவாகத் திருத்த வேண்டும். பன்றிக்குத் தெற்கில் ஒரு சொல், வடக்கில் வேறு சொல். கிண்ணம், கரண்டி, அன்னாசி எல்லாவற்றுக்கும் இப்படியே. ஆசிரியர் தன் ஊர்ச் சொல்லை மட்டும் சரி என்று சொன்னால், அன்று மாலை அந்தப் பிள்ளை பாட்டியைத் திருத்தும். மறுநாளிலிருந்து பாட்டி பேச்சைக் குறைத்துக்கொள்வார்.

புத்தகத் தேர்வில் அரசியலும் நுழையும். இன்றைய வியட்நாமில் அச்சான பாடநூல்களில் உள்ள கொடி, தலைவர்கள், 1975க்குப் பிந்தைய கலைச்சொற்கள் ஆகியவை, மூன்று சிவப்புக் கோடுகள் கொண்ட பழைய தென் வியட்நாமின் மஞ்சள் கொடியைத் தம் கொடியாகக் கருதும் அகதிக் குடும்பங்களைப் புண்படுத்தக்கூடும். அண்மையில் படிக்கவோ வேலைக்கோ வந்தவர்களுக்கு அந்த மஞ்சள் கொடி அந்நியமானது. புத்தகத்தை வாங்குவதற்கு முன் இரு தரப்புப் பெற்றோரையும் உட்காரவைத்துப் பக்கம் பக்கமாகப் பார்க்கச் சொல்வது வீண் நேரமாகத் தோன்றினாலும், ஆண்டு நடுவில் வகுப்பு உடைவதைத் தடுக்கும். மரபு எழுத்தா எளிமையாக்கிய எழுத்தா என்று சீனப் பள்ளிகளுக்கும் இதே கேள்வி உண்டு. பிள்ளையின் உறவினர்கள் எதைப் படிக்கிறார்களோ அதிலிருந்து தொடங்குவதே தக்கது.

வகுப்பும் பகல்பள்ளியும்

வார இறுதி வகுப்புகள் பல ஊர்களில் புத்த விகாரைகளையும் கத்தோலிக்கத் தேவாலயங்களையும் சார்ந்து, ஊதியமில்லாத் தன்னார்வலர்களால் நடக்கின்றன. வயதை மட்டும் பார்த்துப் பிரித்தால், வீட்டில் சரளமாகப் பேசும் பிள்ளையும் ஒரு சொல்லும் அறியாத பிள்ளையும் ஒரே பலகையில் உட்கார்ந்து இருவருமே சலிப்படைவார்கள். சேர்க்கையின்போது ஐந்து நிமிடம் பேசிப்பார்த்து, கேட்டுப் புரிந்துகொள்பவர், பேசுபவர், புதியவர் என்று பிரியுங்கள். உதவ விரும்பும் வெளியாருக்கு மொழி தெரியாவிட்டாலும் வேலை உண்டு: அறை ஏற்பாடு, உதவித்தொகை விண்ணப்பம், நூலகத்தில் வியட்நாமிய சிறுவர் நூல்களைக் கேட்டுப் பதிவு செய்தல்.

பகல்பள்ளி ஆசிரியர் செய்யத்தக்கது குறைவு, ஆனால் விளைவு பெரிது. மாணவரின் பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். பெற்றோர் சந்திப்பில் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள். 'வீட்டில் ஆங்கிலம் பேசுங்கள்' என்ற அறிவுரையை ஒருபோதும் சொல்லாதீர்கள்.

முறையான பாடமாக்க விரும்புவோர், எழுத்து மூலமான கோரிக்கையிலிருந்து தொடங்க வேண்டும். கலிபோர்னியாவில் 1998இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 227ஆம் முன்மொழிவு, பெற்றோர் விலக்குக் கோரினாலன்றி இருமொழி வகுப்புகளுக்கு இடம் தராமல் கட்டுப்படுத்தியிருந்தது. 2016இல் 58ஆம் முன்மொழிவே அதை நீக்கியது. அந்தக் கட்டுப்பாடு இருந்தபோதே, 2015இல், வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி மாவட்டத்தில் வியட்நாமிய இருமொழி வகுப்புத் தொடங்கிவிட்டது. இரு மொழிகளில் தேர்ச்சி பெறுவோரின் பட்டயத்தில் முத்திரை இடும் சட்டத்தை அதே மாநிலம் 2011இல் இயற்றியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1935இல் தொடங்கிய மொழிப் பள்ளி அமைப்பு இன்றும் சனிக்கிழமைகளில் இயங்குகிறது. அம்மாநிலத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு வியட்நாமியமும் தமிழும் பாடங்களாக உள்ளன. மதிப்பெண் என்ற காரணம் பதினைந்து வயதினரை வகுப்பில் நிறுத்திவைக்கும்.

அந்த வயதினருக்குக் கைப்பேசியும் உதவும். 'டெலக்ஸ்' தட்டச்சு முறையில் தொனிக்குறிகள் ஆங்கில எழுத்துகளாலேயே வரும். பி, ஏ, எஃப் என்று தட்டினால் பாட்டியைக் குறிக்கும் 'பா' தொனிக்குறியுடன் வரும். அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டு அன்றே பாட்டிக்குச் செய்தி அனுப்பலாம். பாட்டி குரல்பதிவில் பதில் சொன்னால் கேட்கும் பயிற்சியும் சேர்ந்துவிடும்.

ஆண்டுக்கு ஒரு தேர்வு போல அமைவது சந்திர நாள்காட்டியின் புத்தாண்டான தெத். சிவப்பு உறையில் பணம் பெறுவதற்கு முன் பிள்ளை பெரியவர்களுக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும்; அதை ஒரு மாதம் முன்பே ஒத்திகை பார்க்கத் தொடங்குங்கள். முதல் ஆண்டு மனப்பாட வாழ்த்து போதும். இரண்டாம் ஆண்டு, தாத்தாவுக்கு மூட்டுவலி குறைய வேண்டும், சித்தப்பாவின் கடை நன்றாக நடக்க வேண்டும் என்று ஆளுக்கேற்ப ஒரு வாக்கியத்தைப் பிள்ளையே அமைக்கட்டும். அந்த வாக்கியத்தில் ஒவ்வொருவரிடமும் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறது என்பதை மட்டும் கவனித்துத் திருத்துங்கள், மற்றப் பிழைகளை அன்று விட்டுவிடலாம்.